பொட்டு வைத்த ஈயச்சட்டி

ஈயம் உருகுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். கட்டிகள் ஓரம் இளகி, தலை சாய்ந்து, சத்தமில்லாமல் அமிழும். மேலே ஒரு தோல் படரும். அதில் நீலமும் பொன்னும் மாறி மாறி ஓடும். பார்த்துக்கொண்டே இருந்தால் மனசு எங்கேயோ போய்விட்டு வரும்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஈயம் உருக்கும் மின்சாரச் சட்டி சூடாகவே இல்லை. சுவிட்சைத் தட்டியதும் வீட்டு மெயின் சுவிட்ச் டப்பென்று விழுந்தது. உள்ளே காற்றாடி நின்றது.

"கரண்ட் போச்சா?" என்றாள் மனைவி.

"நான்தான்."

மறுநாள் விடியும்போது செர்காம் கடற்கரையில் படகு ஏற வேண்டும். எங்கள் பேக்டரியில் லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர் இரண்டு பேரோடு வாராவாரம் கடலுக்குப் போவார். அவர்களுடைய மீன் கதைகளைக் கேண்டீனில் பக்கத்து மேசையிலிருந்து பல வருசமாகக் கேட்டிருக்கிறேன். நானும் வரட்டுமா என்று கேட்க வாய் வந்ததில்லை. அந்த வாரம் அவரே கூப்பிட்டார்.

"தூண்டிலுக்கு ஈயக்குண்டு ஊத்துவியாமே. இருபது கொண்டாந்துரு, படகுல ஒரு எடம் இருக்குலா. இல்லன்னா சொல்லிரு, வேற ஆளு கேக்குறான்."

பிளக்கில் பியூஸ் மாற்றினேன். மறுபடி விழுந்தது. குசினியில் வேறு பிளக்கில் சொருகினேன். அங்கேயும் விழுந்தது, மின்சாரச் சோற்றுப் பானையும் சேர்ந்து அணைந்தது.

"இன்னைக்கு அரிசியா மென்னு தின்ன வேண்டியதுதான்," என்றாள்.

வயரைக் கழற்றிவிட்டுச் சட்டியைக் கவிழ்த்து அடித்தட்டைத் திறந்தேன். எதுவும் கருகவில்லை, அறுந்திருக்கவில்லை. சூடேற்றும் கம்பியின் முனையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் என் விரலில் விழுந்தது. முகர்ந்து பார்த்தேன். புளி வாசனை.

அப்புறம்தான் சட்டியின் நெற்றியில் இருந்த சந்தனப் பொட்டை யோசித்துப் பார்த்தேன். காலையிலேயே அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டிருந்தேன். இத்தனை நாளும் அதை 'கள்ளச் சாராய அடுப்பு' என்று சொன்னவள்தான் வைத்திருக்கிறாள்.

"இதைக் கழுவினியா?"

"வியாழக்கெழம புளி போட்டு வெளக்கு தேச்சப்ப அதையும் தேச்சேன். மொத தடவ கடலுக்குப் போறீங்க, அழுக்கோட இருக்கலாமா?"

ஈரம் காயட்டும் என்று சட்டியைக் காருக்குள் வைத்துக் கண்ணாடிகளை ஏற்றினேன். வெயிலில் நின்ற கார் அடுப்பு மாதிரிக் கொதித்தது. செம்பனை மரங்களுக்கு மேலே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. சூரியன் மறைந்தால் அண்ணனிடம் குண்டு இல்லை என்று சொல்ல வேண்டும். அதன்பின் என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்? வாசலில் உட்கார்ந்து மேகத்தையே பார்த்தேன். அது ஒரு பெரிய மீனைப்போல வயிற்றைக் காட்டிப் புரண்டு, அலோர் காஜா பக்கம் நகர்ந்தது.

நாலு மணிக்குச் சொருகினேன். மெயின் சுவிட்ச் விழவில்லை. ஈரம் மிச்சமிருந்தால் ஈயம் தெறிக்கும் என்பதால் வெறும் சட்டியையே வெகுநேரம் காயவிட்டேன். பிறகு கட்டிகளைப் போட்டேன். அவை தலை சாய்ந்தன.

மனைவி கதவோரம் வந்து நின்றாள். "நான் கழுவினதுதான் காரணமா?"

"காஞ்சிருச்சு. இனிமே துணியால தொடச்சாப் போதும்."

இருபது குண்டுக்கு மேல் ஒன்று கூடவே வந்தது. 'குண்டு ரெடி அண்ணே' என்று அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது: 'காலையில நாலரைக்கு வந்துரு. வாந்தி மாத்திர போட்டுக்க, நடுக்கடல்ல திருப்ப மாட்டேன்.'