படத்தில் இல்லாதவரைத் தேடி கோப்பெங் வரை

ஈப்போவுக்குச் சிலர் சாப்பிடப் போவார்கள், சிலர் குகைக் கோவிலுக்குப் போவார்கள், மாமியார் வீடு அங்கே இருப்பவர்கள் வேறு வழியில்லாமல் போவார்கள். நான் போனது ஒரு புகைப்படத்துக்கு அனுமதி வாங்க. எடுத்து முப்பது வருடத்துக்கு மேலான படம். எடுத்தவர் யாரென்று கிளம்பும்போது எனக்குத் தெரியாது.

இணையக் கலைக்களஞ்சியத்தில் சம்பளமில்லாமல் எழுதும் கூட்டத்தில் நானும் ஒருவன். கூட்டம் என்பது ஒரு மரியாதைக்குத்தான். பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களைப் பற்றி எழுதும் மூலையில் நான் மட்டும்தான் இருக்கிறேன். நானே எழுதுவேன், நானே திருத்துவேன். கட்டுரையைப் பற்றி விவாதிக்க இருக்கும் பேச்சுப் பக்கத்தில் நானே கேள்வி கேட்டு, ஒரு வாரம் பார்த்துவிட்டு, நானே பதில் போட்டதும் உண்டு.

கடந்த மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை, என் பயனர் பக்கத்தில் புதிய செய்தி வந்திருந்தது. யாரோ நம்மை நினைத்திருக்கிறார்கள் என்று ஆசையாகத் திறந்தேன். செலாசே தோட்டம் பற்றிய என் கட்டுரையில் உள்ள படத்தை எடுத்தவர் யார் என்பதற்குச் சான்று இல்லை, ஏழு நாளில் சான்று வராவிட்டால் நீக்கப்படும் என்று எழுதியிருந்தது. அனுப்பியது ஒரு தானியங்கி நிரல். நமக்கு வரும் கடிதங்கள் இந்த ரகம்.

அந்தத் தோட்டத்துக்கு இணையத்தில் நான் கண்டிருக்கும் ஒரே படம் அதுதான். லயத்து வீடுகளுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, முன்னால் பத்தொன்பது பேர், வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். வலது ஓரத்தில் ஒரு லாரியின் மூக்கு. கீழே 'தோட்டத் திருவிழா' என்று குறிப்பு. இன்று அந்த வீடுகள் இல்லை, ரப்பர் மரங்களும் இல்லை. படமும் போய்விட்டால் அப்படி ஓர் இடம் இருந்ததென்று என் வாய்வார்த்தைதான் மிஞ்சும். என் வாய்வார்த்தையை என் தம்பியே நம்புவதில்லை.

புதிதாக எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பொதுவாக, படம் யாருக்குச் சொந்தம் என்றால், பொத்தானை அழுத்தியவருக்கு. படத்தில் நிற்பவருக்கு அல்ல, அதை ஆல்பத்தில் வைத்திருப்பவருக்கும் அல்ல. ஆனால் நம் ஆட்களுக்கு வேறொரு சட்டம் இருக்கிறது. தோட்டத்து வாட்சப் குழுவில் ஒரு பழைய படம் வந்தால், அதன் மூலையில் தன் பெயரைப் பொறித்துத்தான் அடுத்தவருக்கு அனுப்புவார்கள், பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுபோல. இந்தப் படத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. இருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். இருவருமே மூன்றாமவரைக் கைகாட்டினார்கள். அவர்தான் ஜெலாப்பாங் தனபாலன் அண்ணன். கலைக்களஞ்சியத்தில் படத்தை ஏற்றியவரும் அவரே.

சனிக்கிழமை காலை 8.15க்குக் கோலாலம்பூரிலிருந்து மின்சார ரயில். டிக்கெட் நாற்பத்தாறு வெள்ளி, மலேசிய ரிங்கிட்தான். போகிறேன் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லாததால், 'இரண்டு நாள் இருக்க மாட்டேன்' என்று என் பேச்சுப் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டுக் கிளம்பினேன். 10.40க்கு ஈப்போ. ஸ்டேஷனிலிருந்து ஜெலாப்பாங் எட்டு கிலோமீட்டர், செயலியில் அழைத்த காருக்குப் பதினான்கு வெள்ளி.

காரோட்டி நம்மவர். ஏறியதும் விசாரணை ஆரம்பமானது.

"என்ன அண்ணே, கல்யாணமா?"

"இல்ல தம்பி, ஒரு போட்டோ விசயமா."

"போட்டோ எடுக்கவா?"

"எடுத்தாச்சு. எடுத்தது யாருன்னு கேக்கப் போறேன்."

கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். அதற்குப் பிறகு ஜெலாப்பாங் வரை வானொலிதான் பேசியது.

தனபாலன் அண்ணன் தொழிற்பேட்டையில் காவல் வேலை பார்க்கிறார். ஷிப்ட் முடிந்து வந்து, கைலியோடு உட்கார்ந்திருந்தார். படம் ஏற்றும்போது 'இது என் சொந்தப் படைப்பு' என்ற கட்டத்தில் ஏன் அண்ணே டிக் போட்டீர்கள் என்று பக்குவமாகக் கேட்டேன்.

"சொந்தம்தானலா! ஸ்கேனர் என்னோடது. கரண்டு பில்லு என்னோடது. ஒரு ராத்திரி பூரா ஒக்காந்து கறையெல்லாம் தொடச்சேன். வேற எவன் தொடச்சான்?"

சட்டத்தில் இதற்கு இடமில்லை, நியாயத்தில் கொஞ்சம் இருக்கிறது. போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அண்ணன் ஒவ்வொரு தலையாகத் தொட்டுப் பெயர் சொன்னார். இது மாரி, இது மாரியின் கடன்காரன், இது நான், அப்போ முடி இருந்துச்சு. பத்தொன்பதும் முடிந்தது. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது.

"அண்ணே, இதுல யாரு இல்ல? அந்த லயத்துல இருந்துட்டு, படத்துல இல்லாத ஆளு?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"பிலோமினா! அவதான் கேமரா வச்சிருந்தா. ஆபீசு கிராணி வீட்டுல வேல செஞ்சப்ப வாங்கினது."

"அட, ஆமா. பிலோமினா எங்க போச்சு?"

"கோப்பெங்ல தையக்கடை போட்டிருக்கா. நீங்கதான் குரூப்புல இருநூறு பேரச் சேத்தீங்களே, அவளச் சேத்தீங்களா?"

அண்ணன் கைலியை இறுக்கிக் கட்டினார். எத்தனையோ வருடங்களாக அந்தப் படத்தைப் பார்த்து எல்லோரும் அழுதிருக்கிறார்கள், பிறந்த நாளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஒருத்தி குறைகிறாள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அன்றிரவு தங்கல் பழைய டவுனில், எண்பத்தைந்து வெள்ளி. ஒற்றை அறை கேட்டேன், இரண்டு கட்டில் உள்ள அறை கொடுத்தார்கள். ஒன்றில் நானும் மற்றதில் என் பையும் படுத்தோம். அதற்கு முன் தவ்கே கோழி, அதாவது முளைப்பயறோடு தரும் வேகவைத்த கோழி, சாப்பிடப் போனேன். "எத்தனை பேர்?" என்று கடைக்காரம்மா மலாயில் கேட்டார். ஒரு விரலைக் காட்டினேன். என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, மின்விசிறி எட்டாத மேசையைக் கொடுத்தார். தனியாகப் போகிறவர்கள் கால் கோழி சொல்லுங்கள், முளைப்பயறு சிறிய தட்டு. எல்லாம் சேர்ந்து பதினெட்டு வெள்ளி. பேச்சுத்துணைக்குத் தனிக் கட்டணம் இல்லை, அது கிடைப்பதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பேருந்து. கோப்பெங் இருபது கிலோமீட்டர், நாற்பது நிமிடம், நான்கு வெள்ளி. கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் காப்பிக்கடைக்காரர் வாயில் ரொட்டியோடு, "சர்ச்" என்றார். பதினொன்றரைக்கு, வெளுத்துப்போன ஒரு சின்னக் கார் வந்து நின்றது. இறங்கியது பிலோமினா அக்கா. அறுபது வயதைத் தாண்டியவர், இன்னும் பூசைச் சேலையில் இருந்தார். படத்தைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"திருவிழான்னு யாரு எழுதினது?"

"குரூப்புல சொன்னாங்க அக்கா."

"நான் தோட்டத்த விட்டுப் போன நாளு தம்பி இது. இந்தா, லாரி. சாமானெல்லாம் ஏத்தியாச்சு. மொதல்ல வெளியான ஆளு நாந்தான். கடைசியா ஒண்ணு எடுத்துக்குறேன்னு நிக்க வச்சேன்."

"எல்லாரும் சிரிக்கிறாங்களே?"

"நான் ஒண்ணு சொன்னேன். அதுக்குத்தான்."

"என்ன சொன்னீங்க?"

"அத சொல்ல மாட்டேன்" என்றார்.

பிறகு ஆளுக்கொரு பிரதி போட்டு அனுப்பினாராம். அதற்குப் பிறகு ஊர் ஊராகச் சிதறிவிட்டார்கள். படம் போய்ச் சேர்ந்த வீடுகளிலிருந்து ஒருவரும் இவரைத் தேடவில்லை. இதை அவர் புகாராகச் சொல்லவில்லை, தைத்த துணியின் அளவைச் சொல்வதுபோலச் சொன்னார்.

நான் வந்த காரியத்தை எடுத்தேன். திறந்த உரிமத்தில் கொடுத்தால் படம் நிற்கும், எடுத்தவர் என்று உங்கள் பெயரும் நிற்கும் என்றேன். நல்ல விற்பனையாளன் இங்கேயே நிறுத்தியிருப்பான். நான் முழுவதையும் சொல்லித் தொலைக்கிற ஜாதி.

"கட்டுரைக்கு மட்டும்னு குடுக்க முடியாது அக்கா. யாரு வேணா எடுத்துக்கலாம். விக்கவும் செய்யலாம், வெட்டியும் போடலாம்."

"வெட்டின்னா, ஆளையா?"

"ஆமா. ஒரு ஆள மட்டும் தனியா எடுத்துக்கலாம்."

"பிறகு எனக்கு வேணாம்னு தோணுச்சுன்னா?"

"குடுத்தது குடுத்ததுதான். திரும்ப வாங்க முடியாது."

போனை என்னிடம் நீட்டினார். "திரும்ப வர முடியாதுன்னு தெரிஞ்சுதான் அன்னிக்கு லாரி ஏறுனேன். அப்படி ஒரு தடவ செஞ்சது போதும். வேணாம் தம்பி."

ஏழு நாளில் மூன்று போய்விட்டது. இன்னும் கொஞ்சம் பேசிப் பார்க்கலாமா என்று வாயெடுத்தேன்.

"வருசக்கணக்கா எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க. கேட்டா, இல்லன்னு சொல்லலாம்தானே?"

சொல்லலாம். கேட்பதன் முழு அர்த்தமே அதுதான். நானோ, 'சரி' என்பதை எழுதிக்கொள்ள மட்டும் இடம்விட்டுக் கிளம்பி வந்திருக்கிறேன்.

எழுந்தேன். அக்கா கார் சாவியை எடுத்தார். "தோட்டத்தப் பாத்தீங்களா?"

"இல்ல அக்கா."

"பாக்காமலா எழுதுனீங்க! வாங்க போலாம். மதியத்துக்கு மீ தாப்பாவ் பண்ணிக்கலாம், அங்க கடை கிடையாது."

கட்டி வாங்கிய நூடுல்ஸ் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒன்பது கிலோமீட்டர் போனேன். கடைசி இரண்டு கிலோமீட்டர் செம்மண், மழை பெய்தால் சின்னக் கார் போகாது. செலாசே தோட்டத்தில் இப்போது இருப்பது செம்பனை, செம்பனை, பிறகு செம்பனை. லயங்கள் இருந்த இடம் இதுதான் என்று அக்கா ஒரு வரிசையைக் காட்டினார். எனக்கு எல்லா வரிசையும் ஒன்றாகத் தெரிந்தது. அவருக்கும் அப்படித்தானோ என்னவோ, இரண்டு தடவை இடத்தை மாற்றிச் சொன்னார். சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டியின் அடிப்பாகம் மட்டும் புல்லுக்குள் கிடந்தது. ஆறேழு படம் எடுத்தேன். இவை சந்தேகமில்லாமல் என் சொந்தப் படைப்பு. ஒருவரும் உரிமை கோர மாட்டார்கள் என்பது படங்களைப் பார்த்தாலே தெரியும்.

"நீங்க போயி நில்லுங்க" என்று அக்கா என் போனை வாங்கினார்.

"நான் எதுக்கு அக்கா?"

"ஆளில்லாத எடத்த எடுத்து என்ன செய்யிறது? நில்லுங்கலா."

தொட்டியருகே நின்றேன். இத்தனை வருடத்தில் ஆயிரக்கணக்கான படங்களைக் கலைக்களஞ்சியத்தில் ஏற்றியிருக்கிறேன். ஒன்றிலும் நான் இல்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் காவலாளிபோல விறைத்தேன். அக்கா போனுக்குப் பின்னாலிருந்து ஒன்று சொன்னார். பிறகு அழுத்தினார்.

ஞாயிறு இரவு வீட்டுக்கு வந்து, திங்கட்கிழமை நீக்கல் விவாதத்தில் 'எடுத்தவர் அனுமதி தரவில்லை, நீக்கவும்' என்று நானே எழுதினேன். பேச்சுப் பக்கத்தில் நான் எங்கே போனேனென்று யாரும் கேட்டிருக்கவில்லை. தனபாலன் அண்ணனிடம் சொன்னபோது, "ஸ்கேனர் காசு யாரு குடுப்பா?" என்றார். அன்று மாலையே அக்காவைக் குழுவில் சேர்த்தார். காலை வணக்கப் பூக்களை ஒருநாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அக்கா வெளியேறிவிட்டார். இதிலும் முதலில் வெளியேறியவர் அவர்தான்.

இப்படிப் பயணம் போகிறவர்களுக்கு: படத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள், யார் இல்லை என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பூசை முடிந்த பிறகு போங்கள். உரிமத்தின் கசப்பான பகுதியையும் சொல்லிவிடுங்கள். வெறுங்கையோடு திரும்ப மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் அவசியம்.

கட்டுரையில் இப்போது செம்பனையும் சிமெண்டுத் துண்டும் இருக்கின்றன. அக்கா எடுத்த படம் என் போனிலேயே இருக்கிறது. அது அவருடையது, அதனால் இங்கே போடவில்லை. அதில் நான் வாயைப் பிளந்துகொண்டு சிரிக்கிறேன். அவர் அப்படி என்ன சொன்னார் என்றால், அதற்கும் நான் இன்னும் அனுமதி கேட்கவில்லை.