ஒரே தரம் புரட்டிய பசளை

போர்க்காலத் தடையால் யூரியா உரம் குடாநாட்டுக்குள் வராதிருந்த ஆண்டுகளில், யாழ்ப்பாண நகரச் சந்தைக் கழிவை மக்கவைத்துப் பசளையாக்கும் முற்றமொன்றில் வெளிக்கள அலுவலராகச் சேர்ந்தேன். விவாத மேடைகளில் நான் பெற்ற பரிசுகளே எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்தன. நகரத்துக் குப்பையைத் தோட்டத்தில் இடுமாறு விவசாயிகளை இணங்கச் செய்வதே என் கடமை. இத்தொழிலுக்குப் புதிதாக வருவோருக்காக, அங்கே நான் வென்ற ஒரு விவாதத்தைப் பற்றி எழுதுகிறேன்.

1. முற்றம்

குவியல்களுக்குப் பொறுப்பாயிருந்தவர் குருநகரைச் சேர்ந்த திரேசக்கா. முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, உந்த வெள்ளைச் சட்டையோடை நிண்டால் குப்பை வெக்கப்படும். கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

வாழைத்தடல், அழுகிய காய்கறி, மீன்குடல், மாட்டெரு ஆகியவற்றை அடுக்கடுக்காகப் போட்டுச் சந்தை வாய்க்கால் நீரால் நனைப்போம். குவியல் உள்ளே கொதிக்கும். மூன்று தரம் புரட்டி, சூடு முற்றாக அடங்கிய பின்பே அது பசளை. அந்த மாரியில் மழை ஓயவில்லை. ஒரு தரம்தான் புரட்டினோம். ஆயினும் வெங்காய நடுகைக்கு முன் பசளை தருவதாக நான் ஏற்கெனவே நாள் குறித்துவிட்டேன்.

2. வாசிகசாலை

கொக்குவிலில் ஒரு வாசிகசாலையில் கூட்டம். "நகரம் எறிவது நாற்றமன்று, நாளைய விளைச்சல்!" என்று முழங்கினேன். கைதட்டல் அடங்கியதும் வெங்காயத் தோட்டக்காரர் கந்தையா எழுந்தார்.

"எல்லாம் சரி தம்பி. உந்தக் குவியலை எத்தினை தரம் பிரட்டினனீங்கள்?"

ஒரு தரம் என்பதே நேர்மையான விடை. நான் சொன்னது வேறு.

"ஐயா, சமையலறைக்குள் சென்று அகப்பையை எண்ணிய பிறகா விருந்துக்கு அமர்கிறீர்கள்?"

சபை சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "கந்தையாண்ணை, விழுந்திட்டியள்! முதல் லொறி உங்களுக்குத்தான்!" என்று கூவினார்.

கந்தையாவும் சிரித்துக்கொண்டே, "சரி, என்ரை தோட்டத்திலையே கொண்டந்து பறியுங்கோ" என்றார்.

அவரிடம் ஒரு நடுகைக்குரிய விதை வெங்காயமே இருந்தது. அது கெட்டால் அவ்வாண்டு வேறு விதை கிடைக்காது. அங்கிருந்த எல்லோரும் அதனை அறிவர், நானும் அறிவேன்.

3. அலவாங்கு

லொறி போன மறுநாள், எஞ்சிய குவியலுக்குள் திரேசக்கா நீண்ட இரும்பு அலவாங்கை இறக்கி, சற்று நேரம் விட்டு இழுத்து, அதன் முனையைத் தொடுமாறு என்னிடம் சொன்னார். கை சுட்டது.

"உது இன்னும் அவியுது. ஆரின்ரை தோட்டத்திலை பறிச்சனீங்கள்?"

"கொக்குவில் கந்தையாண்ணையின்ரை."

"ஓடிப்போய் நடவேண்டாமெண்டு சொல்லுங்கோ. வேர் கருகிப் போடும்."

நான் ஓடவில்லை. கைதட்டியவர்கள் முன் எந்த முகத்தோடு நிற்பது? மண்ணோடு கலந்தால் சூடு தணியும் என்று எனக்கு நானே வாதாடினேன். அந்த வாதத்திலும் வென்றேன். மூன்றாம் நாள்தான் சைக்கிளை எடுத்தேன்.

பாதிப் பாத்திகளில் நட்டாயிற்று. கந்தையா ஒரு வெங்காயத்தைப் பிடுங்கி என் கையில் வைத்தார். அது கொழகொழவென்றிருந்தது.

"ஒரு தரம்தான் பிரட்டினது. நீங்கள் கேக்கேக்கையே எனக்குத் தெரியும்" என்றேன்.

அவர் என்னை ஏசவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பி, "இஞ்சாருமப்பா, மிச்ச விதையை உள்ளுக்கை எடும்!" என்று மனைவியிடம் சத்தமிட்டார். பிறகு, "ஒரு சொல்லுத்தானே தம்பி. அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

எஞ்சிய விதையை எங்கள் பசளை படாத துண்டில் நட்டார். அவ்வாண்டு அவருக்குப் பாதி விளைச்சலே.

4. மறுகூட்டம்

அடுத்த வாரம் அதே வாசிகசாலையில் நடந்ததைச் சொன்னேன். அலங்காரம் எதுவும் சேர்க்கவில்லை. ஒருவரும் கைதட்டவில்லை.

"தம்பி இண்டைக்குத்தான் விளங்கிற மாதிரிக் கதைக்கிறார்" என்றார் கந்தையா. "மற்றக் குவியல் எப்ப ஆறும்?"

"தெரியாது அண்ணை. வந்து பாருங்கோ."

அவர் வந்தார். அதன் பின் எந்த லொறியும் திரேசக்காவின் சம்மதமின்றி முற்றத்தை விட்டுப் போகவில்லை.

இன்றும் மேடையேறுகிறேன், நன்றாகவே பேசுகிறேன். கந்தையாவை அன்று எதிரணி என்று எண்ணினேன். அவரோ தம் விதையைக் காக்கவே கேட்டார்.