இரவல் போன பெட்டி

வாசிட்டி தன் அண்ணன் வைசாகேயோடு நேருக்கு நேர் பேசியது சின்னஞ்சிறு வயதில்தான். அவர்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. எங்கள் தீவில் பெண் பெரியவளானதும் உடன்பிறந்தவனும் அவளும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒரே பாயில் உட்கார மாட்டார்கள், ஒருவர் முகத்தை மற்றவர் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தால் தங்கை பின்வாசல் வழியாக வெளியேறுவாள். அதற்குப் பெயர் மரியாதை. பாசத்தை எங்கே வைப்பது என்று மட்டும் அந்த மரியாதை சொல்லித் தரவில்லை.

வாசிட்டி அதைச் சங்கத்துக் கணினியில் வைத்திருந்தாள்.

எங்கள் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் அவள் வேலை பார்க்கிறாள். ஐஸ் இயந்திரத்தைக் கவனிப்பது, மீனை எடை போடுவது, தலைநகர் சுவாவுக்குப் போகும் கப்பலில் ஏற்றுவது எல்லாம் அவள் பொறுப்பு. அவளுடைய அப்பாவும் மீனவர்தான். வாசிட்டி சிறுமியாக இருந்தபோது ஒரு நாள் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. படகின் ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. எந்தத் திசையில் போனார் என்று யாருக்கும் தெரியாததால் எந்தத் திசையில் தேடுவது என்றும் தெரியவில்லை. அவருடைய கல்லறை இருக்க வேண்டிய இடத்தில் அம்மா ஒரு பூச்செடி நட்டு வைத்தாள்.

அதனால்தான் சுவாவிலிருந்து அலேசி என்ற பெண் அந்த ஆரஞ்சு நிறப் பெட்டிகளைக் கொண்டுவந்தபோது, அவை எதற்கென்று அவள் சொல்லி முடிப்பதற்கு முன்பே வாசிட்டியின் கண்கள் கலங்கிவிட்டன. தேங்காய் அளவுப் பெட்டி. படகில் கட்டிவிட்டால், படகு இருக்கும் இடத்தை வானத்துச் செயற்கைக்கோள் வழியாகச் சங்கத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பச்சைப் பொத்தானை அழுத்தினால் 'நலம்' என்று செய்தி வரும்.

சங்கக் கொட்டகையில் கூடியிருந்த மீனவர்களுக்குப் பிடிக்கவில்லை. வாசிட்டிக்கு மாமன் மகனான இலாய்த்தியா, யங்கோனா வேர்ப்பானக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"இந்தாம்மா, நான் மீன் பிடிக்கிற இடம் என் பொண்டாட்டிக்கே தெரியாது. வானத்துல சுத்துற சாமானுக்கு எதுக்குத் தெரியணும்?"

கொட்டகையே சிரித்தது. சிரிப்புக்குப் பின்னால் பயம் இருந்தது. மீன் கிடைக்கும் இடம் ஒவ்வொரு குடும்பத்தின் ரகசியம். அப்பன் மகனுக்குத் தரும் சொத்து.

அலேசி கோபப்படவில்லை. "சங்கத்துல ஒருத்தர் மட்டும் பார்த்தாப் போதும் மாமா. அந்த ஒருத்தர் யாருன்னு நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் வாசிட்டியைப் பார்த்தார்கள்.

"வாசிட்டின்னா சரி," என்றான் இலாய்த்தியா. "அவ வாய் தேவாலயத்துல பாடத்தான் திறக்கும். அதுவும் சுருதி சேராது."

"என் சுருதி கிடக்கட்டும் மச்சான். உன் இன்ஜினுக்கு முதல்ல சுருதி சேரு. நீ வர்ற சத்தத்துக்கே மீனெல்லாம் டோங்கா நாட்டுக்கு ஓடிருது!"

அப்படித்தான் பெட்டிகள் எங்கள் படகுகளில் ஏறின. எது எங்கே போகிறது என்று வாசிட்டி ஒருவரிடமும் சொன்னதில்லை. மனைவிமார் வந்து கேட்டால் "வந்துக்கிட்டிருக்காரு, கிழங்கை அடுப்புல ஏத்து" என்பதோடு சரி. படகுகள் திரும்பும் நேரம் முன்பே தெரிந்ததால் ஐஸ் தயாராக இருந்தது, மீன் கெடுவது குறைந்தது. சுவாவின் வியாபாரிகள் எங்கள் மீனைத் தேடிக் கேட்டார்கள்.

ஆனால் வாசிட்டிக்குக் கிடைத்த லாபம் வேறு. திரையில் 'வைசாகே' என்ற பெயரோடு ஒரு சிறு புள்ளி நகரும். முகம் பார்த்துப் பேசக்கூடாத அண்ணனை அவள் அந்தப் புள்ளியில் கண்கொட்டாமல் பார்க்கலாம். எந்த வழக்கமும் அதைத் தடுக்கவில்லை.

தேவாலயப் பெருவிருந்துக்கு முதல் நாள் வைசாகே தனியாகக் கடலுக்குப் போனான். மதியத்துக்கு மேல் காற்று திசை மாறியது. பாறைத்திட்டின் மேல் அலை வெள்ளையாக உடைவது கரையிலிருந்தே தெரிந்தது. அண்ணி லோசனா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"வாசிட்டி, உங்க அண்ணன் எங்கடி?"

வாசிட்டி திரையைப் பார்த்தாள். அண்ணனின் புள்ளி மேற்குக் குடாவில், காற்றுப் படாத இடத்தில், அசையாமல் இருந்தது.

"பயப்படாதீங்க அண்ணி. காத்து ஏறுறதுக்கு முன்னாடியே ஒதுங்கிட்டாரு. பத்திரமா இருக்காரு."

லோசனா நெஞ்சில் கை வைத்து ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் புள்ளி கரையை நோக்கி நகர்ந்தது. இரண்டு பேரும் ஆசையாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே வந்தவன் இலாய்த்தியா. இடுப்பில் கட்டிய நனைந்த சுலுத் துணியைப் பிழிந்துகொண்டே ஆரஞ்சு நிறப் பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்தான்.

"இது வைசாகேயோடது. காலையில கேட்டேன், குடுத்தான். என்னோடது செத்துப்போச்சு. பெட்டி இல்லாமப் போனா வீட்டுக்கே வராதேன்னுட்டா என் மகராசி. அவன் வந்தாக் குடுத்துரு."

எங்களிடம் உறவுக்காரன் ஒன்றைக் கேட்டால் இல்லை என்ற சொல் வராது. சட்டையைக் கேட்டால் சட்டை, பானையைக் கேட்டால் பானை. மின்னேற்றுவதற்கு வசதியாகப் பெட்டிகளை வாரால்தான் கட்டியிருந்தோம். அவிழ்த்துக் கொடுக்க ஒரு நொடி போதும். கணினிக்கு வழி சொல்லிக் கொடுத்த நாங்கள், எங்கள் கொடுக்கும் கையை மறந்துவிட்டோம்.

வாசிட்டி நாற்காலியை விட்டு எழுந்தாள். "மச்சான்... அப்படின்னா எங்க அண்ணன் எங்க?"

இலாய்த்தியா திரும்பிக் கடலைப் பார்த்தான். "இன்னும் வரலையா?"

அப்பாவின் கதை திரும்ப வருகிறது என்று லோசனா தரையில் விழுந்து கதறினாள். வாசிட்டிக்கும் கதறத்தான் தோன்றியது. ஆனால் அப்பா போன நாளுக்கும் இந்த நாளுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. அப்பா போன வழியை யாரும் அறியவில்லை. அண்ணன் இதுவரை போன வழிகள் எல்லாம் அவள் முன்னே கணினியில் இருந்தன.

பழைய பயணங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். சிலந்தி வலைபோலக் கோடுகள். விருந்துக்கு மீன் வேண்டும்போதெல்லாம் ஒரு கோடு மட்டும் தெற்குக் கால்வாயைத் தாண்டி, யாரும் போகாத ஆழ்கடல் மேட்டுக்குப் போயிருந்தது. அதுதான் வைசாகேயின் ரகசிய இடம். அப்பாவின் இடமாகவும் இருந்திருக்கும்.

"அண்ணி, எடத்த வெளியில சொல்லமாட்டேன்னு சங்கத்துல சத்தியம் பண்ணியிருக்கேன். அவரக் கேக்க முடியாது. நீங்க சொல்லுங்க."

"மீனு நாசமாப் போகட்டும்! என் புருஷனைக் கொண்டா!"

வாசிட்டி சுவாவுக்குத் தொலைபேசியில் பேசினாள். அலேசி மீட்பு அலுவலகத்தையும் இணைத்துக்கொண்டு அந்தக் கோடுகளைப் பார்த்தாள். "இன்ஜினை அணைச்சிட்டு மீன் பிடிக்கிறப்பல்லாம் படகு வடமேற்காத்தான் மிதந்திருக்கு அக்கா. இன்னைக்குக் காத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுட்டோம். இந்த வட்டத்துக்குள்ள தேடச் சொல்லுங்க. மீட்புக் கப்பலும் கிளம்புது, ஆனா வர நேரமாகும்."

இலாய்த்தியா அதற்குள் படகில் ஏறியிருந்தான். கூட இரண்டு பேர், சங்கத்தில் இருந்த கை ரேடியோ ஒன்றும். அதே பெட்டியை இப்போது வாரோடு கயிறும் போட்டு இறுக்கினான்.

"வழி சொல்லு வாசிட்டி. அவன் இல்லாம நான் இந்தக் கரைக்கு வரமாட்டேன்."

திரையில் 'வைசாகே' என்று பெயர் போட்ட புள்ளி, வைசாகேயைத் தேடிக் கடலுக்குள் போனது. வாசிட்டி ரேடியோவைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் வடக்க... வட்டத்தோட ஓரத்துல இருக்கீங்க... இடது பக்கம் பாரு மச்சான்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வெளியே ஊர் முழுவதும் கூடிப் பாடிக்கொண்டிருந்தது. சூரியன் கடலைத் தொட்டது.

ரேடியோ கரகரத்தது. பிறகு இலாய்த்தியாவின் அழுகை கேட்டது.

"கெடைச்சிட்டான்! இன்ஜின் செத்துப்போயிருக்கு. சட்டையைத் துடுப்புல கட்டி ஆட்டிக்கிட்டு நிக்கிறான், கிறுக்குப் பய! என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை என்ன கேட்டான் தெரியுமா? என் எடத்த எவன்டா காட்டிக் குடுத்தான்னு!"

வாசிட்டி சிரித்தாள், மேசைமேல் தலையை வைத்து அழுதாள், மறுபடி சிரித்தாள்.

வைசாகே கரையிறங்கியபோது ஊரே அவனைக் கட்டிக்கொண்டது. தங்கை மட்டும் கொட்டகை வாசலில், தலை குனிந்து நின்றாள். அவனும் அவள் பக்கம் நிமிரவில்லை. மனைவியிடம் ஏதோ முணுமுணுத்தான். லோசனா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எடம் போனாப் போகுதாம். தங்கச்சி கையில இருந்தா அப்பா கையில இருந்த மாதிரிதானாம்."

இப்போது எங்கள் பெட்டிகள் படகோடு திருகாணி போட்டு முடுக்கப்பட்டிருக்கின்றன. மின்னேற்றச் சின்ன சூரியத் தகடும் வந்துவிட்டது. எங்கள் கொடுக்கும் வழக்கத்தையும் நாங்கள் விடவில்லை. சங்கத்து அலமாரியில் உபரிப் பெட்டிகள் இருக்கின்றன. யார் கேட்டாலும் வாசிட்டி எடுத்துக் கொடுத்து, திரையில் பெயரை மாற்றிவிடுவாள். பக்கத்துத் தீவுச் சங்கத்தார் வந்து பார்த்துவிட்டு, இதேபோலத் தாங்களும் செய்யப்போவதாகச் சொல்லிப் போனார்கள். ஆழ்கடல் மேட்டுக்கு இன்றுவரை வேறு படகு போகவில்லை. தேடிப் போன மூவரும் அந்த வழியை மறந்துவிட்டதாகச் சத்தியம் செய்கிறார்கள்.

மற்றவர்கள் பச்சைப் பொத்தானைக் கடலில் ஒரு தடவை அழுத்துவார்கள். வைசாகே கிளம்பும்போது அழுத்துவான், கால்வாயைத் தாண்டும்போது அழுத்துவான், தூண்டில் போடும்போது அழுத்துவான், காரணமே இல்லாமலும் அழுத்துவான்.

"பொத்தான் தேஞ்சிரப் போகுதுடா," என்று இலாய்த்தியா கேலி செய்வான்.

தேயட்டும். சங்கத்து மேசையில் 'வைசாகே: நலம்' என்று திரை ஒளிரும்போதெல்லாம், ஐஸ் அள்ளிக்கொண்டிருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு வருவாள் வாசிட்டி. தலை குனியாமல் அதை முழுவதும் படிப்பாள்.

"சரிண்ணே," என்பாள், வாய்விட்டு.