விளக்குப் போடுமுன்

ஜெர்மன் பேசும் கூர் நகரத்து முதியோர் இல்லத்தில் நான் பராமரித்தவர்களில் அவர் ஒருவர்தான் சினிமா ஒளிப்பதிவாளர். ஹங்கேரியிலிருந்து இளவயதில், காவல் விளக்குகளுக்குத் தப்பி, இரவில் எல்லை தாண்டி ஓடி வந்தவர். மெலிந்த, நெடிய உருவம். எதைப் பார்த்தாலும் இடது கண்ணை மூடிக்கொள்வார். அவருடைய அறையில் விளக்குப் போடுமுன் "வெளிச்சம்!" என்று உரக்கச் சொல்லிவிட வேண்டும். படப்பிடிப்பில் அதுதான் வழக்கம் என்பார். நாங்களும் சிரித்துக்கொண்டே சொல்வோம்.

குளிர்காலத்தில் ஒருநாள் ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. மாத்திரைகளோடு அவசரமாக நுழைந்த நான், ஒன்றும் சொல்லாமல் சுவிட்சைத் தட்டிவிட்டேன். கதிரையிலிருந்து அவர் தரையில் குப்புறப் பாய்ந்தார்.

"படு! அசையாதை! கண்டிடுவாங்கள்!" என்று ஜெர்மனில் கத்தினார்.

நான் அவரைத் தூக்கியிருக்க வேண்டும். ஆனால் அவருக்குப் பக்கத்தில் நானும் படுத்துவிட்டேன். யாழ்ப்பாணக் கடலில், தலைக்குமேல் ஆமி சுட்ட பரா லைட் வெளிச்சக்குண்டு வானத்தில் தொங்கி எரிய, வள்ளத்தின் அடித்தட்டில் மூச்சை அடக்கிக் கிடந்தது போலவே கிடந்தேன்.

சற்று நேரம் கழித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உமக்கும் தெரியும், என்ன?"

"ஓம். இவ்வளவு பயத்தோடை ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தனீங்கள்?"

"சுவிட்சைப் போடுறது நானா இருக்கவேணும் எண்டுதான்."

இப்போது அவர் இல்லை. வீட்டில் என் மகள், "ஏனப்பா இருட்டுக்கை இருக்கிறியள்?" என்று கேட்டபடி சுவிட்சை நோக்கிப் போகிறாள்.

"நில்லு பிள்ளை, நான் போடுறன்" என்கிறேன். ஆனால் எழும்பாமல் இருட்டிலேயே இருக்கிறேன்.