வீடு பார்க்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி

1. கேற்றில் ஒரு பலகை

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியில், மொண்டெல்லோ என்ற கடற்கரை ஊரில் நான் வேலை செய்த வீட்டின் கேற்றில் ஒருநாள் காலை ஓர் ஆள் பலகை கட்டிக்கொண்டு நின்றான். 'வெண்டேசி' என்று சிவப்பு எழுத்து. விற்பனைக்கு என்று அர்த்தம். வீட்டின் சொந்தக்காரி எல்விரா சின்யோரா அந்த நேரம் உள்ளே பாலில் பிஸ்கட் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தா. தன் வீடு விலைக்குப் போவது அவவுக்குத் தெரியாது. இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் அங்கே 'ஃபிஸ்ஸோ'. அதாவது வீட்டோடு தங்கி வேலை செய்பவள். சமையல், துப்புரவு, சின்யோராவைக் குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. என் கணவர் கடற்கரை ரெஸ்டோரண்ட் ஒன்றில் கோப்பை கழுவினார். இரண்டு பேருக்கும் படுக்கை அந்த வீட்டின் பின் அறையில்தான்.

வீடு அறுபதுகளில் கட்டியது. ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய மூன்று வீடுகளில் நடு வீடு. ஓடு கிடையாது, தட்டையான மொட்டைமாடி. முன்னறையில் தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி. அதற்கு வெளியே பைன் மரங்கள். படிகள் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும், கீழே தாங்கல் இல்லை. முதல் வாரம் ஏறவே பயந்தேன். அந்தக் கண்ணாடியை வினாகிரியும் பழைய பேப்பரும் போட்டுத் துடைப்பதற்கே அரைநாள் போகும். படியின் ஒவ்வொரு பலகையையும் தன் புருஷன் பக்கத்தில் நின்று பொருத்துவித்தார் என்று சின்யோரா சொல்லுவா. அவர் இறந்தபிறகு வீடு அவவின் பெயரில்.

மகன் சாண்ட்ரோ என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். அவர்கள் இத்தாலியனில் பேசியதை நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"அம்மாவுக்கு ஒண்டும் சொல்லாதை. அவவின்ரை இதயம் தாங்காது. விலை சரிவந்தால் பத்திரம் எழுதுற நொத்தாரிசை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, பென்ஷன் அலுவல் எண்டு சொல்லிக் கையெழுத்து வாங்குவன். பிறகு அவவை முதியோர் இல்லத்திலை விடுறன்."

இதயம் தாங்காதாம்! அந்த இதயத்துக்கு மருந்து கொடுப்பது நான். இவன் மாதத்துக்கு ஒருமுறை வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் போகிறவன்.

வீடு விற்கும் ஏஜென்சிக்காரனும் வந்தான். வாசனை பூசிய ஆள். மூக்கைச் சுளித்துக்கொண்டு, "மிளகாய் வறுக்கக்கூடாது. ஆக்கள் வரேக்கை நீ கண்ணிலை படக்கூடாது. வீடு காலி எண்டுதான் சொல்லியிருக்கு," என்றான். மூன்று பேர் உண்டு உறங்கும் வீடு அவனுக்குக் காலி.

பின்னேரம் கணவரிடம் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, எனக்கு மனம் கேக்குதில்லை. சின்யோராவுக்குச் சொல்லப்போறன்."

"சும்மா இரப்பா. வேலை போனால் படுக்க எங்கை போறது? பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க எந்த அட்ரஸைக் குடுக்கிறது?"

அவர் சொன்னதிலும் பிழையில்லை. வதிவிட அனுமதிக்கு முகவரி வேண்டும். வாயை மூடிக்கொண்டு கண்ணாடி துடைத்தேன்.

2. உடுப்புத் தோய்க்கும் அறை

ஒரு சனிக்கிழமை, மழைக் குளிர். வாங்கக்கூடிய ஆட்கள் வருகிறார்கள் என்று சாண்ட்ரோ காலையிலேயே வந்து நின்றான்.

"மம்மா, மேலை பெயின்ற் அடிக்க ஆக்கள் வருகினம். அந்த மணம் உங்கடை நெஞ்சுக்குக் கூடாது. கொஞ்ச நேரம் கீழை இருங்கோ."

கீழே என்றால் நிலத்தடியில் உடுப்புத் தோய்க்கும் அறை. சின்யோராவைக் கைத்தாங்கலாக இறக்கி, தோய்க்கும் மெஷினுக்கும் அயன் மேசைக்கும் நடுவில் ஒரு கதிரை போட்டு இருத்தினேன். கோட்டைப் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவ மாதிரி அவ இருந்தா. புருஷன் கட்டிய வீட்டில் அவவுக்குக் கிடைத்த இடம் அது. வாங்க வருகிறவர்கள் எட்டிப் பார்த்தால், பொய்லர் அறை, பூட்டியிருக்கு, திறப்பு இல்லை என்று சொல்வதாக ஏற்பாடு.

மேலே காலடிச் சத்தம் கேட்டது. சின்யோரா நிமிர்ந்து பார்த்தா.

"பெயின்ற் அடிக்கிற ஆக்கள் வந்திட்டினம் போலை. ஏதும் குடிக்கக் குடுத்தனியோ?"

"இல்லை, சின்யோரா."

"என்ன பழக்கம் பிள்ளை இது? என்ரை வீட்டுக்கு வந்தவை வெறும் வாயோடை நிக்கிறதோ? போ, போய்க் குடு."

என் தாய் சொன்ன மாதிரியே இருந்தது. எங்கள் ஊரில் கடன் கேட்டு வந்தவனுக்கும் சண்டைக்கு வந்தவனுக்கும் முதலில் தேத்தண்ணி கொடுத்துவிட்டுத்தான் மற்றக் கதை. ஆட்கள் வீட்டுக்குள் வந்து நிற்க, நான் கீழே ஒளிந்திருப்பது எனக்கும் அதுவரை உள்ளே அரித்துக்கொண்டேதான் இருந்தது. பின்படியால் ஏறிக் குசினிக்குப் போனேன். இஞ்சி தட்டிப் போட்டு, பால் விட்டு, என் சொந்த இலங்கைத் தேயிலையில் தேத்தண்ணி ஊற்றினேன். தட்டத்தில் வைத்து முன்னறைக்குக் கொண்டுபோனேன்.

கண்ணாடிக்கு முன் ஒரு தம்பதி நின்றார்கள். ஏஜென்சிக்காரன் கையை வீசி மரங்களைக் காட்டிக்கொண்டிருந்தான். சாண்ட்ரோ என்னைக் கண்டதும் வெளிறிப்போனான்.

அந்தப் பெண் கோப்பையை எடுத்து, "நன்றி. நல்ல வாசமாயிருக்கு," என்றா.

"சின்யோரா குடுக்கச் சொன்னவ."

"எந்தச் சின்யோரா?"

"இந்த வீட்டுச் சின்யோரா."

"அவ மிலானோவிலை எண்டெல்லோ சொன்னவை?"

ஏஜென்சிக்காரன் அவவின் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைப் போ போ என்று கையால் விரட்டினான். கோழியை விரட்டுவது மாதிரி. அந்தக் கைதான் என் வாயைத் திறந்தது.

"மிலானோவிலை இல்லை. கீழை இருக்கிறா. உடுப்புத் தோய்க்கிற அறையிலை."

அந்தப் பெண் கோப்பையை வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் கீழே இறங்கினா. நான் பின்னால் ஓடினேன். சின்யோரா தடியை ஊன்றி எழும்பிக் கை கொடுத்தா.

"நீங்களோ பெயின்ற் அடிக்கிறது?"

"இல்லை, சின்யோரா. வீடு விலைக்கு எண்டு பார்க்க வந்தனாங்கள்."

"எந்த வீடு?"

அந்தப் பெண் ஒரு கையால் மேலே காட்டினா. மற்றக் கையால் சின்யோராவின் கையைப் பிடித்தபடியே நின்றா. புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டு போகும்போது ஏஜென்சிக்காரனைப் பார்த்து, "வெக்கமில்லையோ உனக்கு?" என்று மட்டும் கேட்டா. அது எனக்குப் போதவில்லை. கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

3. சாமான் கட்டும் ஆள்

சாண்ட்ரோ குசினிக்குள் வந்து கத்தினான்.

"உன்னட்டை ஆர் தேத்தண்ணி கேட்டது? சாமானைக் கட்டு! இண்டைக்கே வெளிக்கிடு!"

கட்டத் தொடங்கினேன். அழுதுகொண்டு அல்ல, அலுமாரிக் கதவை அடித்து அடித்துச் சாத்திக்கொண்டு. அப்போது படியில் தடிச் சத்தம். சின்யோரா தனியாகவே ஏறி வந்துவிட்டா. மூச்சு வாங்கியது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"சாண்ட்ரோ, என்னை உடுப்புத் தோய்க்கிற இடத்திலை ஒளிச்சு வைச்சனி. இனி என்ரை வீட்டிலை ஆர் இருக்கிறது, ஆர் போறது எண்டு நான்தான் சொல்லுவன். அவ இருக்கிறா. நீ போ."

அவன் போனான். நொத்தாரிஸ் வரவேயில்லை. ஏனென்றால் எதிலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அவ சொல்லிவிட்டா. கடைசி வரை அவ அந்த வீட்டில்தான் இருந்தா. தன் கட்டிலில், பைன் மரம் தெரியும் யன்னலுக்குப் பக்கத்தில்தான் கண்மூடினா.

என்னைப்போல் வேலைக்கு வந்த பிள்ளைகளே, வேலை வீட்டில் குனிந்து தரை துடையுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒருவன் வந்து உங்களை ஒளிந்திருக்கச் சொன்னால், உங்களோடு சேர்த்து இன்னும் யாரை ஒளிக்கிறான் என்று பாருங்கள். நான் இதைப் படித்தது அந்த ஒரு சனிக்கிழமையில்தான்.

அன்று பின்னேரமே சின்யோரா கேற்றுப் பலகையைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னா. கண்ணாடி போட்டு ஒருமுறை வாசித்துவிட்டு, "உனக்கு ஏதுக்கும் உதவுமெண்டால் வைச்சுக்கொள்," என்றா. நல்ல அகலப் பலகை. அந்தக் கோடையிலிருந்து மொட்டைமாடியில் அதன்மேல்தான் மிளகாய் காயப்போட்டேன். வறுத்ததும் அந்தக் குசினியில்தான், யன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு. அம்மாவைப் பார்க்க வரும் நாளெல்லாம் சாண்ட்ரோ முன்னறையில் இருந்து தும்முவான். நான் போய் அவனுக்கும் தேத்தண்ணி கொடுப்பேன்.