என் கருவிழியின் தரக்கட்டுப்பாடு

நேற்று எதிர்வீட்டு கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் தின்னர் டப்பாவைத் திறந்தார். அந்த வாசனையில் மற்றவர்களுக்குத் தலைவலி வரும். எனக்குக் கும்மிடிப்பூண்டி வந்துவிடுகிறது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அங்கே ஒரு பாய்லர் கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வெல்டிங் செய்த இடத்தில் தின்னர் நெடியடிக்கும் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். ஏற்கலாம், திருத்தலாம், தூக்கிப் போடலாம். உலகமே எனக்கு இந்த மூன்று வகைதான். வீட்டில் தோசையையும் அப்படித்தான் பார்த்தேன். அதன் பலனையும் அனுபவித்தேன்.

ஒருநாள் இடது கண் சிவந்தது. எங்கள் ஷெட்டில் சிவந்த கண் எல்லாமே வெல்டிங் வெளிச்சம் பட்ட கண்தான். வெல்டர் ஏழுமலை டூல் பாக்ஸிலிருந்து சொட்டு மருந்தை எடுத்தார்.

"இன்னாத்துக்கு சார் பேஜாரு? ரெண்டு சொட்டு வுட்டுக்கினு போய்க்கினே இரு."

ஜில்லென்றிருந்தது. ஒரு வாரம் விட்டேன். பார்வை பனிமூட்டமானது.

கண் டாக்டரம்மா சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். என் சோதனையை என்மேலேயே செய்கிறார்!

"ஹெர்பிஸ். உதட்டோரம் கொப்புளம் வருமே, அதே கிருமி. முதல்ல மரக்கிளை மாதிரி இருந்திருக்கும். இப்ப மேப் மாதிரி பரவிடுச்சு. நீங்க கொண்டுவந்த இந்தச் சொட்டு ஸ்டீராய்டு, அதுதான் பரப்பிவிட்டிருக்கு. யார் விடச் சொன்னது?"

"திருத்தலாமா மேடம், தூக்கிப் போடணுமா?"

அவர் சிரிக்கவில்லை. வருடாந்திரப் பார்வைச் சோதனையில் இரண்டு கண்ணும் தேறினால்தான் இன்ஸ்பெக்டர் வேலை; அதனால் நானும் சிரிக்கவில்லை.

வேறு மருந்தில் புண் ஆறியது. சில மாதம் கழித்து மறுபடி மூட்டம். இம்முறை சாயம் எதையும் காட்டவில்லை. "இது உள்ளே, வட்டமா வீங்கியிருக்கு" என்றவர், வைரஸ் மாத்திரையோடு எழுதிக் கொடுத்தது அதே ஸ்டீராய்டு சொட்டு!

"போன தடவை ஆகவே ஆகாதுன்னீங்களே மேடம்?"

"அது மேல்தோல்ல கிருமி நேரா அரிச்ச புண். இது கிருமியோட உங்க உடம்பு போடுற சண்டை. வகை வேற, வைத்தியம் வேற."

தலையாட்டினேன். புரிந்ததா என்று கேட்காதீர்கள். ஏழுமலைக்கோ குழப்பமே இல்லை.

"நான் அன்னிக்கே இன்னா சொன்னேன் சார்? டாக்டரம்மாவே நம்ம ரூட்டுக்கு வந்துட்ச்சு பாத்தியா!"

தழும்பு கருவிழியின் நடுவிலேயே தங்கிவிட்டது. அந்த வருடச் சோதனையில் என்னைத் தூக்கிப் போட்டார்கள், ஸ்டோர்ஸில்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். ஷெட் இருந்த இடம் காலி மனை. ஏழுமலையை டீக்கடையில் விசாரித்தேன்; யாருக்கும் தெரியவில்லை. ஒரு லாரி புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது. வலது கண்ணில் நீர் கொட்டியது. இடது கண் சும்மா இருந்தது. கிருமி அதன் உணர்ச்சியையும் தின்றுவிட்டது என்று டாக்டரம்மா அப்போதே சொல்லியிருந்தார். வலது கண்ணில் வந்த நீர் புழுதி வகையா, வேறு வகையா? பிரித்துச் சொல்ல நான் இப்போது இன்ஸ்பெக்டர் இல்லை.