தங்க மீன்களும் என் மாமனாரின் பட்டாளமும்

எழுபதுகளின் கடைசியில் காரைக்காலுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர். தெருவில் எங்கள் வீட்டைச் 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு, என்பார்கள். பட்டாளத்தில் அவருக்குச் சமையல்கட்டில்தான் வேலை என்று மாமியார் முதல் வாரமே என்னிடம் சொல்லிவிட்டார். ஆனால் வீட்டில் அவர் பேசுவதெல்லாம் தளபதிப் பேச்சு.

தோட்டத்தில் ஒரு சிமென்ட் தொட்டி கட்டி, மெட்ராஸிலிருந்து தங்க மீன்கள் வாங்கி வந்து விட்டார். தினமும் கூடையில் மீன் வாசலுக்கு வருகிற ஊரில் தின்ன முடியாத மீனை ஒருவர் வளர்க்கிறாரே என்று தெருவே வந்து பார்த்தது. பூனையும் வந்து பார்த்தது. மறுநாள் காலையில் தொட்டிக் கரையில் செதில்கள் மட்டும் மின்னின.

அன்று மத்தியானம் வஞ்சிரத்துண்டை மென்றுகொண்டே, வாயில்லாச் சீவனைத் தின்ன அந்தப் பூனைக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ என்று வருத்தப்பட்டார். மாமியார் அவருக்கு இன்னொரு துண்டு வைத்தார்.

மிச்சமிருந்த மீன்களைக் காக்க மாமனார் திருமலைராயன்பட்டினத்துக்குப் போய்ப் பழைய வலை வாங்கி வந்து தொட்டிமேல் கட்டினார். இழுத்துக் கட்டத் தெரியவில்லை. தொய்ந்த வலையில் பூனை தூளியில் படுப்பதுபோல் படுத்துக்கொண்டு, கண்ணி வழியே கையை விட்டு மீன் பிடித்தது. வலையை இறுக்கியதும் பூனை வருவது நின்றது, கொக்கு வந்தது. அதன் அலகுக்குக் கண்ணி தாராளமாக இருந்தது. தன் பட்டாளத்துக் கோட்டு ஒன்றைக் கம்பில் மாட்டி நிறுத்தினார். கொக்கு அதன் தோளிலேயே உட்கார்ந்து தொட்டியை நோட்டம் விட்டது. காவலுக்கு ஒரு நாய் வாங்கினார். சித்திரை வெயில் தாங்காமல் அது வலையைக் கிழித்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிப் படுத்தது.

கடைசியில் கொல்லரை வைத்து இரும்புக் கிராதி போட்டார். அதன்பின் எதுவும் நெருங்கவில்லை. மீன்கள் கொழுத்தன. மாமனார் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

கார்த்திகை மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் வந்தது. கிராதி சாய்ந்து, தொட்டிக்கு மேலே தண்ணீர் ஓடியது. தங்க மீன்கள் அதோடு வெளியே போயின. முழங்கால் தண்ணீரில் குடையோடு நின்று அவர் அவற்றைத் தேடினார். எனக்குச் சிரிப்பு முட்டியது. அவர் முகத்தைப் பார்த்தபின் சிரிக்க முடியவில்லை.

தண்ணீர் வடிந்தபோது தொட்டியில் தங்க மீன் ஒன்றுகூட இல்லை. வயலிலிருந்து வந்த விரால்கள் கிடந்தன. தப்பி நின்றவற்றை அவைதான் தின்றிருக்க வேண்டும் என்றார் மாமனார்.

மாமியார் எட்டிப் பார்த்தார். "என்னங்க, இதையும் வளக்கப் போறீங்களா, இல்ல மொளவா அரைக்கச் சொல்லட்டுமா?"

மாமனார் குனிந்து விரால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "கொலகாரப் பயலுவ. அரைக்கச் சொல்லு" என்றார்.

தண்டனையை அவர் இரண்டு முறை சோறு வாங்கி நிறைவேற்றினார். அடுத்த மாதம் தொட்டியில் மண் கொட்டி ரோஜா வைத்தார். பக்கத்து வீட்டு ஆடு வேலிக்கு மேலாகத் தலையை நீட்டிப் பார்த்தது.